ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு எந்த ஆயில்?

மாமா இங்கிலாந்தில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு 2006-இல் ஊர் திரும்பியபோது கப்பலில் ஒரு காரையும் ஏற்றி வந்தார். மாஸ்டா ஆர்எக்ஸ்-8, சிவப்பு. முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவு திறக்கும், அதுவும் எதிர்ப்பக்கமாக. ஆனைமலைப் பக்கம் தோப்பு வீட்டுக் களத்தில் நெடுநாள் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால், "நீயே வெச்சுக்கோ கண்ணு, இதுல குனிஞ்சு ஏறுனா இடுப்பு புடிச்சுக்குது" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து சேர்த்த முதல் வாரத்திலேயே ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. நஞ்சப்பா ரோட்டில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் போய், "ரோட்டரி இன்ஜினுக்கு ஆயில் வேணுங்க" என்றேன். "ரோட்டவேட்டருக்குங்களா? தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் போடுங்க" என்றார். தப்பு அவர் மேல் இல்லை. கொங்கு நாட்டில் ரோட்டரி என்றால் ஒன்று உழவு ஓட்டுவது, இல்லையென்றால் சங்கம் வைத்து ரத்ததானம் நடத்துவது.

இந்த இன்ஜினில் பிஸ்டன் கிடையாது, வால்வும் கிடையாது. ஓரம் உப்பிய முக்கோணம் போல இரண்டு ரோட்டர்கள் தத்தம் அறைக்குள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1,308. ரோட்டர் ஒரு சுற்று வருவதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். ஒன்பதாயிரம் ஆர்பிஎம் வரை முகம் சுளிக்காமல் ஏறும். அந்தச் சத்தத்துக்காகவே லிட்டருக்கு ஆறு கிலோமீட்டரைப் பொறுத்துக்கொள்கிறேன்.

சிக்கல் முக்கோணத்தின் முனைகளில். ஒவ்வொரு முனையிலும் அபெக்ஸ் சீல் என்று ஒரு சின்னப் பட்டை. இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு. குரோமியம் பூசிய சுவரை உரசிக்கொண்டே ஓடுவதுதான் அதன் பிழைப்பு. உரசுகிற இடத்தில் எண்ணெய்ப்பசை வேண்டும், ஆனால் அதே இடத்தில்தான் பெட்ரோலும் எரிகிறது. அதனால் மீட்டரிங் பம்ப் ஒன்று சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், இருக்கும் ஆயிலையே சொட்டுச் சொட்டாக எடுத்து எரியும் அறைக்குள் விடுகிறது. சாதாரணக் கார் ஆயில் குடித்தால் நோய். இது குடிக்காவிட்டால் நோய்.

ஆலையில் செயற்கையாகச் செய்த சிந்தெடிக்கா, கச்சா எண்ணெயிலிருந்து வடித்த மினரலா என்ற சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. மற்ற கார்களில் இதைக் கேட்டால் கையில் காசு இருந்தால் சிந்தெடிக் என்று முடித்துவிடலாம். சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெடாது. ரோட்டரியில் ஆயில் தாங்கினால் மட்டும் போதாது, ஒழுங்காக எரிந்தும் போக வேண்டும். மாஸ்டா அமெரிக்காவில் இந்தக் காருக்கு 5டபிள்யூ-20 என்ற மெலிசான ஆயிலைச் சொன்னது. ரோட்டரிக்கு சிந்தெடிக்கைப் பரிந்துரைப்பதில்லை என்ற நிலையிலும் வெகுகாலம் இருந்தது. சிந்தெடிக் முழுக்க எரியாமல் பிசுபிசுப்பாகப் படியும், பழைய காலத்து எஸ்டர் வகைகள் ரப்பர் வளையங்களுக்கு ஆகாது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இன்றைய சிந்தெடிக் அப்படியில்லை என்று சொல்பவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் படித்துப் படித்துக் கண் பூத்துப்போய், சரி, நாமே ஊற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

68,400 கி.மீ., பங்குனி. முதலில் மினரல், 20டபிள்யூ-50. ஏன் இவ்வளவு கெட்டி என்று கேட்கலாம். 5டபிள்யூ-20 பனி கொட்டும் ஊருக்குச் சரி. நம்மூரில் குளிர் என்பது பெயருக்குத்தான். சித்திரையில் ஈரோட்டுப் பக்கம் ஏசி போட்டு ஓட்டினால் அந்த மெலிசான ஆயிலை நம்ப எனக்கு மனசு வரவில்லை. தண்டின் பேரிங் தேய்வதற்கு மெலிசு ஆயிலைக் குற்றம் சொல்கிற ரோட்டரி மெக்கானிக்குகள் பல நாடுகளில் உண்டு. பழையதை வடித்துவிட்டு ஊற்றினால் மூன்றரை லிட்டர் பிடிக்கிறது. ஆயில் கூலரில் தங்கிய மிச்சம் வெளியே வருவதில்லை.

என் முறை இதுதான். 1,600 கிலோமீட்டர் ஓட்டுவது, டாப்-அப் செய்யும் அளவைக் குறித்துக்கொள்வது, கடைசியில் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பது. போனில் செருகும் மலிவான கேமராதான். ரோட்டருக்கு இரண்டு பிளக், லீடிங், டிரெய்லிங். லீடிங் ஓட்டையில்தான் கேமரா தாராளமாக நுழைகிறது. கம்ப்ரஷனை, அதாவது அறைக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்பதை, அளக்கவும் ரோட்டரிக்கென்று தனி மீட்டர் வேண்டும். அது என்னிடம் இல்லை. சாதாரண மீட்டரின் வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்து, முள் துள்ளுவதை ஸ்லோமோஷனில் படம் எடுத்தேன். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், மூன்று துள்ளல். மூன்றும் ஒரே உயரம் என்றால் நிம்மதி. ஒன்றோ இரண்டோ குட்டையாக இருந்தால் ஏதோ ஒரு சீல் போயிற்று என்று அர்த்தம். எனக்கு மூன்றும் சமம். மாமா காரை அதிகம் ஓட்டாததற்கு முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

மினரல் கணக்கு: 1,600 கிலோமீட்டருக்கு 900 மில்லி டாப்-அப். ரோட்டர் முகத்தில் தொட்டால் ஒட்டுகிற கரி. பிளக் கறுப்பும் பழுப்புமாக. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது லேசாகப் புகை.

70,000 கி.மீ., ஆவணி. இப்போது முழு சிந்தெடிக், 5டபிள்யூ-30. பெட்டிக்கடை மிட்டாய் போல மினரல் எங்கும் கிடைக்கும், இதன் விலை வேறு ரகம். கொண்டுபோய் ஊற்றி அதில் லிட்டர் கணக்கில் எரிக்கப்போகிறோம் என்று நினைக்கையில் வயிறு கொஞ்சம் எரிந்ததை மறைக்க விரும்பவில்லை.

ஐப்பசியில் வீட்டில் அக்கா பையனுக்குக் காதுகுத்து. பந்தல் போடுகிறவர்கள் வந்து காரை நகர்த்தச் சொன்னார்கள். அடைமழை. ஓடிப்போய் ஸ்டார்ட் செய்து, முப்பதடி தள்ளி நிறுத்தி, சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்துவிட்டேன். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் படிக்கும்போதே தலையில் அடித்துக்கொள்வார்கள். குளிர்ந்த ரோட்டரியை ஸ்டார்ட் செய்தால் சூடேறும் வரை ஓட விட வேண்டும். உடனே நிறுத்தினால் உள்ளே பாய்ந்த பெட்ரோல் எரியாமல் தங்கி, சுவரில் இருக்கும் எண்ணெய்ப்பசையைக் கழுவிவிடும். பிளக் நனையும், சீல் காற்றைப் பிடிக்காது. மறுநாள் செல்ஃப் வெறுமனே சுற்றியது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும் என்று தெரியும். அதையும் செய்தேன். பேட்டரிதான் இறங்கியது.

தெருமுனையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். யமஹா ஆர்எக்ஸ் 100, பழைய யெஸ்டி என்று டூ-ஸ்ட்ரோக் பைக்குகளைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். வேறு வழியில்லாமல் அவரைக் கூப்பிட்டேன். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வால்வு எங்கீங்க தம்பி?" என்றார். இல்லை என்றேன். "பெட்ரோலும் ஆயிலும் ஒரே எடத்துல எரியுதுங்களா?" ஆமாம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இது நம்ம டூ-ஸ்ட்ரோக்குக்குப் பங்காளிதானுங்க."

பிளக்கைக் கழற்றிக் காயவைத்தார். டூ-ஸ்ட்ரோக் பைக்குக்குப் பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயிலை ஒவ்வொரு ரோட்டருக்கும் ஒரு ஸ்பூன் ஓட்டை வழியாக விட்டார். பிளக்கை மாட்டி, ஒரு டாக்ஸியிலிருந்து ஜம்பர் போட்டு செல்ஃப் அடித்தால், நான்காவது சுற்றில் உறுமிக்கொண்டு எழுந்துகொண்டது. கூடவே ஒரு புகை. பந்தல் மறைந்துபோனது. மூன்றாவது வீட்டம்மா மாநகராட்சிக் கொசு மருந்து வண்டி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார். சமையல்காரர் திட்டியதை எழுத முடியாது.

புகை அடங்கியபின் அண்ணன் ஒன்று சொன்னார். "உள்ள ஒரு ஸ்பூன் போனதும் புடிச்சிருச்சு பாருங்க. சம்ப்புல சிந்தெடிக்கா மினரலாங்கறது அப்பறங்க. எரியற எடத்துக்கு எரியற ஆயிலைக் குடுங்க."

ஆறு மாதம் நான் சுற்றி வந்த இடம் அதுதான். இன்ஜின் ஆயில் சம்ப்பில் கிடந்து பேரிங்கைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது. அதில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற சரக்குகள் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். மினரலிலும் மிஞ்சும், சிந்தெடிக்கிலும் மிஞ்சும். 2டி ஆயில் எரிவதற்கென்றே செய்தது. ஒரே ஆயில் இரண்டு வேலையும் பார்க்க வேண்டும் என்று கேட்டதுதான் குழப்பமே.

சிந்தெடிக் சுற்றை ஆனாலும் முடித்தேன். மார்கழியில் குன்னூர் போய்த் திரும்பியதும் ஆயில் ஊற்றும் குழாயின் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் போல நுரை. கூலன்ட் கலந்துவிட்டது, இன்ஜின் போயிற்று என்று அன்று இரவு தூங்கவில்லை. கடைசியில் பார்த்தால், நீளமான அந்தக் குழாய் குளிரில் வியர்த்து, ஈரம் ஆயிலோடு கலந்த நுரைதான். துடைத்துவிட்டு அவினாசி வரை நன்றாக ஓட்டிவந்தேன், போய்விட்டது. கூலன்ட் மட்டம் அப்படியே இருந்தது.

சிந்தெடிக் கணக்கு: 1,150 மில்லி டாப்-அப். மெலிசாக இருப்பதால் கூடுதலாகப் போயிருக்கலாம், பாதிச் சுற்று மழையில் ஓடியதும் காரணமாக இருக்கலாம். கரி? மினரலின் படத்தையும் இதன் படத்தையும் கலைத்துப்போட்டு அக்காவிடம் கொடுத்து எது எது என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை, உண்மையில் எனக்கும் தெரியவில்லை. பயமுறுத்திய பிசின் எதையும் காணோம். ஒற்றைக் கார், 1,600 கிலோமீட்டர் என்பதற்கு மேல் இதற்கு மதிப்பு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

71,600 கி.மீ., தை. சம்ப்பில் மறுபடி அதே மினரல் 20டபிள்யூ-50, ஆனால் பெட்ரோலோடு 2டி ஆயில். முதல் சுற்றோடு ஒப்பிட வேண்டுமென்றால் ஒன்றைத்தானே மாற்ற வேண்டும். டூ-ஸ்ட்ரோக் பைக்குக்கு லிட்டருக்கு 20 மில்லி கலந்த கை, இங்கே 5 மில்லி போதும், அதாவது இருநூறுக்கு ஒன்று. காரின் பம்பும் தன் பங்குக்கு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஜாசோ எஃப்டி (JASO FD) என்ற ஜப்பானியத் தர முத்திரை உள்ள டப்பாவாகப் பார்த்து வாங்கினேன். அந்தத் தரத்தில் புகையும் கரியும் குறைவு. 200 மில்லி இருமல் டானிக் புட்டி ஒன்றைக் கழுவி டிக்கியில் போட்டிருக்கிறேன். ஒரு புட்டிக்கு நாற்பது லிட்டர். புட்டியை முதலில் கவிழ்த்துவிட்டுப் பெட்ரோல் பிடித்தால் பாய்கிற வேகத்திலேயே கலந்துவிடும்.

கிணத்துக்கடவு பெட்ரோல் பங்கில் முதல்முறை இதைச் செய்தபோது பையன் நாசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். "அண்ணா, இது காருங்ணா." தெரியும் என்றேன். போய் மேனேஜரைக் கூட்டிவந்தான். அவர் ஒரு காலத்தில் பங்கில் 2டி ஆயில் பம்ப் அடித்தவராம். மோந்து பார்த்துவிட்டு, "போடுறா, அவருக்குத் தெரிஞ்சுதான் ஊத்தறாரு" என்றார். இப்போது அந்தப் பங்கைத் தாண்டி வேறெங்கும் பெட்ரோல் போடுவதில்லை.

ஊருக்குப் போனபோது அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோலைக் கருக்கி வெளக்கெண்ணெயில கொழைச்சு மை போடுவோம். அதை ஊத்திப் பாக்கறது" என்றார். சிரித்தாலும் அவர் சொன்னது ரொம்பத் தள்ளிப்போன பேச்சில்லை. முதல் உலகப்போர் விமானங்களில் ரோட்டரி என்ற பெயரில் வேறொரு இன்ஜின் இருந்தது. அதில் சிலிண்டர் வட்டம் முழுக்கச் சுற்றும். விளக்கெண்ணெய்தான் அதற்கு ஆயில், ஏனென்றால் பெட்ரோல் அதை லேசில் கரைக்காது. போன எண்ணெய் திரும்பாது, பாதி பைலட் முகத்தில்தான். என் காரில் அதைப் பெட்ரோலில் கலந்தால் கலங்கி அடியில் தங்கும் என்று விளக்கினேன். "அப்ப உன் வண்டி வெளக்கெண்ணெய்க்கு ஆகாது" என்று முடித்துவிட்டார்.

73,200 கி.மீ., ஆனி. டாப்-அப் 880 மில்லி. பம்ப் விடுவதை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அதனால் குறைய வேண்டிய காரணமும் இல்லை. கேமராவில்தான் வித்தியாசம். முதல் இரண்டு முறையும் வறண்டு தெரிந்த சுவரில் இப்போது எண்ணெய் தேய்த்த கல்லைப் போல ஒரு மினுமினுப்பு. ரோட்டர் முகத்துக் கரி மெத்தென்று, பஞ்சால் தொட்டால் வருகிறது. மூன்று துள்ளலும் பழையபடி சமம். ஒரு வருஷத்தில் சமமில்லாமல் போயிருந்தால் அது வேறு கதை, அதனால் இதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளவில்லை. பிளக் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் அழுக்காகிறது.

சம்ப்புக்கு இப்போதைக்கு மினரலே. எதை ஊற்றினாலும் நாலாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவேன், கரியும் பெட்ரோலும் இறங்கிச் சீக்கிரம் கறுத்துவிடுகிறது. அப்படி மாற்றுகிறவனுக்கு விலை கூடிய ஆயில் வீண். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடத்தில் ஒருநாள் முழுக்க ஓட்டுவதாக இருந்தால் மட்டும் கெட்டியான சிந்தெடிக் ஊற்றிக்கொண்டு போவேன். அந்தச் சூட்டில் பேரிங்கைப் பற்றித்தான் கவலை.

ஒவ்வொரு முறையும் புட்டி கவிழ்ப்பது அலுத்துவிட்டது. மீட்டரிங் பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு தகடு வைத்து, சம்ப்பிலிருந்து வரும் வழியை அடைத்து, தனி டப்பாவிலிருந்து 2டி ஆயிலைப் பம்புக்கே கொடுக்கும் ஸோன் அடாப்டர் என்ற ஏற்பாடு வெளிநாட்டில் உண்டு. அட்டையில் வெட்டிய அச்சோடு போன வாரம் கணபதியில் ஒரு லேத்துக்குப் போனேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்யலாம், அலுமினியத்தில் போதும் என்றார். "எத்தனை நூறு பீஸுங்க?"

ஒன்று என்றேன். அட்டையை என் கையிலேயே கொடுத்துவிட்டு டீ சொல்லப் போய்விட்டார். வரும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஆடி பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.