கண்ணம்பாடிக்கு அப்பால் விஸ்வேஸ்வரய்யா

விஸ்வேஸ்வரய்யா என்றதும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது காவிரியில் அவர் எழுப்பிய கண்ணம்பாடி அணைதான் (கிருஷ்ணராஜ சாகர்). அதுவும் இனிய நினைவாக வருவதில்லை. ஜூன் பிறந்துவிட்டால், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவுக்கு எத்தனை கன அடி வந்தது என்று அன்றாடம் செய்தி பார்ப்பவர்கள் நாம். ஆற்றின் மேற்பக்கத்தில் அணையை எழுப்பிய மைசூர்ப் பொறியாளரைக் கீழ்ப்பக்கத்தார் கொண்டாடவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. 1911இல் வேலை தொடங்கியபோது 11 டிஎம்சி (நூறு கோடி கன அடி ஒரு டிஎம்சி) தேக்கும் அளவுக்கு மட்டுமே சென்னை மாகாண அரசு இசைந்தது. மைசூர் அரசோ முழு உயரத்துக்கு ஏற்ற அகலத்தில் அடித்தளத்தைப் போட்டுவிட்டது. அதனால் எழுந்த பிணக்கு நடுவர் கிரிஃபின் 1914இல் தந்த தீர்ப்பு, அதன்மேல் முறையீடு என்று வளர்ந்து 1924 உடன்பாட்டில்தான் அடங்கியது. மேட்டூர் அணை எழுந்ததும் அந்த உடன்பாட்டுக்குப் பிறகே. அடித்தளத்தை முன்கூட்டியே அகலமாகப் போட்டுவைத்த அந்தத் தந்திரத்தைப் பொறியாளனாக நான் வியக்கிறேன். காவிரியைக் குடிப்பவனாக வியக்க மனம் வரவில்லை.

ஆனால் அணையை வைத்து மட்டும் அவரை எடைபோடுவது அவருடைய வேலையில் பெரும்பகுதியை விட்டுவிடுவதாகும். பணிக்காலம் முழுவதையும் நகராட்சிகளின் குடிநீர், வடிகால் பிரிவுகளில் கழித்தவன் என்ற முறையில், நான் திரும்பத் திரும்பப் படித்தது நகரங்களைச் சீர்செய்த விஸ்வேஸ்வரய்யாவைத்தான். நந்தி மலையடிவாரத்தில் உள்ள முத்தேனஹள்ளியில் பிறந்தவர் அவர். கிருஷ்ணகிரி அணைக்கு வந்து சேரும் தென்பெண்ணை உற்பத்தியாவதும் அதே மலைத்தொடரில்தான் என்பது பலருக்குத் தெரியாது. புனேவில் பொறியியல் படித்து, 1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். சிந்து ஆற்றங்கரையில் இருக்கும் சுக்கூருக்கும், பாலைவன நகரமான ஏடனுக்கும் குடிநீர் வழி தேடினார். கடக்வாஸ்லா அணையில், நீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் தானே திறந்து, மட்டம் இறங்கினால் தானே மூடிக்கொள்ளும் மதகுகளைப் பொருத்தி, அணையின் சுவரை உயர்த்தாமலே சுமார் எட்டு அடி கூடுதலாகத் தேக்கிக் காட்டினார். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்து, தேக்கிய தண்ணீர் வீணாக ஆற்றில் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு, மதகு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்கத் தேவையில்லை.

இவற்றையெல்லாம்விட அவருடைய ஐதராபாத் வேலையே என்னை அதிகம் ஈர்க்கிறது. 1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருகி ஐதராபாத் நகருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. ஒரு புளியமரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ நூற்றைம்பது பேர் உயிர்தப்பினார்கள் என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். அந்த மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது. பம்பாய்ப் பணியை விட்டுவிட்டு வெளிநாட்டுப் பயணத்தில் இருந்த விஸ்வேஸ்வரய்யாவை நிஜாம் அரசு அழைத்தது. 1909இல் அவர் பொறுப்பேற்றார்.

வெள்ளம் வந்த நகரத்தில் நின்றுகொண்டு கரையை எத்தனை அடி உயர்த்தலாம் என்று கணக்குப் போடுவது எளிய வழி. பெரும்பாலான மதிப்பீடுகள் இன்றும் அப்படித்தான் தயாராகின்றன. அவர் ஆற்றின் மேற்பக்கத்துக்குப் போய், படுகை முழுவதையும் ஆராய்ந்தார். ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 12.8 அங்குலம், அதாவது 32 செ.மீ.க்கு மேல். மழை மட்டும் நகரை அழிக்கவில்லை என்பதுதான் அவர் கண்டறிந்த முக்கியமான செய்தி. மூசிப் படுகையில் இருந்த 788 ஏரி, குளங்களில் 221 உடைந்திருந்தன. ஓர் ஏரி உடைந்தால் அதன் தண்ணீர் மொத்தமும் அடுத்த ஏரியின் கரையில் மோதும். அதுவும் உடைந்தால் இரண்டு ஏரித் தண்ணீர் மூன்றாவதில் மோதும். இப்படிச் சங்கிலியாகத் திரண்டு வந்த வெள்ளத்தை நகரத்துக்குள் கட்டும் எந்தக் கரையாலும் தடுக்க முடியாது என்று கண்டு, நகருக்கு மேலே மூசியிலும் அதன் துணையாறான ஈசியிலும் வெள்ளத்தைத் தாங்கும் இரண்டு நீர்த்தேக்கங்களை அவர் பரிந்துரைத்தார். உஸ்மான் சாகர் 1920இலும் ஹிமாயத் சாகர் 1927இலும் முடிந்தன. வெள்ளத்துக்காகக் கட்டிய அவையே பல பத்தாண்டுகளுக்கு ஐதராபாத்துக்குக் குடிநீரும் தந்தன.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியபோது, அவருடைய ஐதராபாத் வேலை பற்றிய பக்கங்களை மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் புரட்டிக்கொண்டு போன காட்சியை எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். ‘வரலாறு காணாத மழை’ என்றார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் மழை ஓய்ந்த பிறகு நான் போய்ப் பார்த்த ஓர் ஏரியில் கோடி போகும் வாய், அதாவது நிரம்பிய ஏரியின் மிகைநீர் வெளியேறும் வாய், அகலமாகவே இருந்தது. அதிலிருந்து கிளம்பும் ஓடைதான் இருபுறமும் வீட்டுச் சுவர்கள் நெருங்கி, கடைசியில் சாலையின் குறுக்கே ஒற்றைக் குழாய்க்குள் நுழைந்தது. குழாயின் வாயில் தென்னை மட்டையும் பிளாஸ்டிக் பையும் ஒரு தலையணையும் அடைத்துக்கொண்டிருந்தன. எத்தனை செ.மீ. மழைக்கு அந்தக் குழாய் என்று அங்கிருந்த யாராலும் சொல்ல முடியவில்லை. குழாய் போட்டவர்கள் அந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை.

வெள்ளத் தடுப்போடு விஸ்வேஸ்வரய்யா நின்றுவிடவில்லை. ஐதராபாத்துக்குப் பாதாளச் சாக்கடைத் திட்டத்தையும் வகுத்தார், பின்னாளில் மீண்டும் போய் அந்தப் பணிக்கு ஆலோசனையும் சொன்னார். தண்ணீரைக் கொண்டுவருவதும் பயன்படுத்திய தண்ணீரை வெளியேற்றுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. அவர் நெடுங்காலம் வாழ்ந்து 1962இல் மறைந்த பெங்களூருவோ இரண்டாவது பாதியை வெகுநாள் அலட்சியம் செய்தது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக அந்த நகரத்தின் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறக்கும் நாள்களில் தண்ணீர் விழுந்து அலசப்படும் இடத்தில் சலவைத்தூள், சோப்புக் கழிவு நுரைத்து எழும்; பஞ்சுப்பொதி போல் குவிந்து, காற்றடித்தால் பிய்ந்து வயலில் போய் விழும். நாற்றம் தூரத்திலேயே தெரியும். பெங்களூருவைக் குறைசொல்லும் நாம் நம் ஊர்களையும் பார்க்கத்தான் வேண்டும்.

ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லில் கறையும் எலும்பில் வலியுமாகத் தவித்த இந்த இரு மாவட்டங்களுக்கு 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது பெரிய ஆறுதல். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் போகும் தண்ணீரில் 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பதே நாங்கள் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் கணக்கு. அந்த 80 எங்கே போகும் என்ற கேள்விக்கு, நான் வேலைபார்த்த ஓர் ஊரில் கிடைத்த பதில் ‘ஏரிக்கு’ என்பதுதான். பழைய தெருக்களில் டம்பி லெவல் என்னும் மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தால், சாக்கடையின் அடிமட்டம் தெருமுனையில் வீட்டு வாசலைவிட உயரமாக இருக்கும். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் மேலேற்றி மேலேற்றி வந்ததன் விளைவு அது.

விஸ்வேஸ்வரய்யாவின் கல்வியாளர் என்ற முகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. அதில் மெச்சவும் இருக்கிறது, முரண்படவும் இருக்கிறது. 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்த காலத்தில், 1916இல் மைசூர் பல்கலைக்கழகமும் 1917இல் பெங்களூருவில் பொறியியல் கல்லூரியும் தோன்றின. 1943இல் பெங்களூருவில் ஒரு தொழிற்பயிற்சி நிறுவனம் உருவாகவும் அவர் காரணமாக இருந்தார். பட்டம் பெற்ற பொறியாளரைவிடக் கைத்திறன் தெரிந்த மேற்பார்வையாளர்கள்தாம் நாட்டுக்குப் பற்றாக்குறை என்பதை அவர் உணர்ந்திருந்ததாகவே எனக்குப் படுகிறது. ஆனால் அரசுப் பணிகளில் பிராமணரல்லாதாருக்கு உரிய இடம் தருவது பற்றி ஆராய 1918இல் நீதிபதி மில்லர் தலைமையில் குழு அமைந்தபோது, தகுதி கெட்டுவிடும் என்று எண்ணிய அவருக்கு அது உடன்பாடாக இல்லை. அந்தக் கருத்து வேறுபாட்டில்தான் திவான் பதவியை விட்டார். 1994இல் பர்கூரிலும் 2013இல் தருமபுரி செட்டிக்கரையிலும் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரிகளில், குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இடஒதுக்கீட்டில் சேர்ந்து படித்து வெளியே வந்த பிள்ளைகளுடன் நான் வேலை பார்த்திருக்கிறேன். குழாய்ப் பாதைக்கு லெவல் எடுப்பதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைத்ததில்லை. இந்த ஓர் இடத்தில் அந்தப் பெரியவரின் கணக்கு தவறிவிட்டது.

அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இப்போது ஒரு வேலை காத்திருக்கிறது. ஊத்தங்கரை, பர்கூர், அரூர்ப் பகுதிகளில் எந்த ஏரி கோடி போனால் எந்த ஏரிக்குத் தண்ணீர் சேரும், இடையில் உள்ள ஓடையின் அகலம் எங்கே எவ்வளவு, குறுக்கே உள்ள குழாய்களின் அடிமட்டம் என்ன என்று ஒவ்வொரு சங்கிலியாக அளந்து படம் போடவேண்டும். இறுதியாண்டு செய்முறைத் திட்டத்துக்கு ஓர் ஏரிச் சங்கிலி என்று எடுத்துக்கொண்டால், அதற்குத் தேவையான கருவிகள் கல்லூரி ஆய்வகத்திலேயே இருக்கின்றன. கோடை விடுமுறைக்கு முன், ஓடைகள் காய்ந்திருக்கும்போது இறங்கி அளப்பது நல்லது.