டைமர் போட்டும் காய்ந்த புல்

மாசி மாதம், கோவை வீட்டின் முன்னால் இருக்கும் 20க்கு 15 அடிப் புல்தரைக்குத் தானாகத் தண்ணீர் பாய ஏற்பாடு செய்தேன். மூலைக்கு ஒன்றாக, தண்ணீர் அழுத்தத்தில் தரையிலிருந்து தலை தூக்கி விசிறும் நான்கு பாப்-அப் ஸ்பிரிங்க்ளர், கரண்ட் வந்தால் திறக்கும் ஒரு சோலனாய்டு வால்வு, ஒரு டைமர். காலை 5.30க்குப் பத்து நிமிடம். ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை மிச்சம் என்று நினைத்தேன். இப்போது ஆடியும் முடிந்துவிட்டது.

முதல் நாள் ஒன்றுமே தலை தூக்கவில்லை, குமிழி விட்டதோடு சரி. மாடி டேங்க் 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் அழுத்தம் சுமார் 1 பார் என்றால் எனக்குக் கிடைப்பது 0.6 பார். இந்த ஸ்பிரிங்க்ளருக்கு 2 பார் வேண்டும். பைப்பைப் புதைப்பதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு! அரை எச்.பி. பிரஷர் மோட்டாரை ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாக டைமரோடு இணைத்த பிறகுதான் நான்கும் விசிறின.

அப்புறம் ஒரு ராத்திரி 2 மணிக்கு வாசலில் சளசளவென்று சத்தம். காலையில் பார்த்தால் டேங்க் காலி. "புல்லு குளிச்சிருச்சுங்க, நாம எப்பங்க குளிக்கிறது?" என்றாள் மனைவி. வால்வின் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் தட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. அதன் வழியாகத் தண்ணீர் மேல் அறைக்கு ஏறி, அங்கிருந்து ரப்பரைக் கீழே அழுத்தினால்தான் வால்வு மூடும். அந்தத் துளையில் ஒரே ஒரு மணல் உட்கார்ந்திருந்தது. கரண்ட் இல்லாவிட்டால் வால்வு தானே மூடிக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். மேல் அறை நிறையாமல் அது எப்படி மூடும்? வால்வுக்கு முன்னால் மணலைப் பிடிக்கும் பொடிக்கண் வலை உள்ள 120 மெஷ் ஃபில்டர் போட்டேன். ஞாயிறுதோறும் அதைக் கழுவுகிறேன். அதற்குப் பிறகு ராத்திரிச் சத்தம் இல்லை.

மணலை ஃபில்டர் பிடிக்கும், போர் தண்ணீரின் உப்பைப் பிடிக்காது. ஒரு ஸ்பிரிங்க்ளரின் நாசிலில், அதாவது தண்ணீர் வரும் வாயில், வெள்ளை வெள்ளையாகப் படிந்ததை ஊக்கால் குத்தினேன். துளை பெரிதாகி, அது இப்போது ஜன்னலைக் கழுவுகிறது. மற்ற மூன்றையும் ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். அதுவே போதுமாக இருந்தது.

ஒரு நாள் கரண்ட் போய்ப் பகல் 10 மணிக்கு வந்தது. டைமர் அதை நள்ளிரவு 12 என்று எடுத்துக்கொண்டு, மாலை 3.30க்கு, நல்ல வெயிலில், தண்ணீர் விட்டது. கரண்ட் போனாலும் டைமரின் கடிகாரம் ஓட பேட்டரி போட இடம் இருந்தும் நான் போடவில்லை.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்ததும் பாதித் தண்ணீர் பக்கத்து வாசலுக்குப் போனது. "கோலம் போட்டுட்டு உள்ள போறதுக்குள்ள உங்க மெஷின் அழிச்சுருதுங்க தம்பி" என்றார் அந்த அக்கா. நேரத்தை அதிகாலை 4.45க்கு மாற்றிவிட்டேன்.

போன வாரம் புல்மேல் நாலு தயிர் டப்பாக்களை வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஸ்கேலால் அளந்தேன். மூன்றில் 4 மி.மீ., வேப்பமரத்து மூலையில் 1. புல் மஞ்சளாக இருப்பதும் அதே மூலையில்தான். அந்தப் பக்கத்து பைப்பில் எங்கோ கசிவு என்று சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை தோண்டிப் பார்க்கணும். அதுவரை அந்த மூலைக்கு மட்டும் ஹோஸ்தான்.