மெசின் எப்ப வரும்? அறுவடைச் செயலி ஒன்றுக்குப் பயனர் பயணம் வரைந்த அனுபவம்

நெல் வெட்டும் மெசின்களை வாடகைக்கு விடுகிற ஒருவர் எங்களிடம் வந்தார். கமக்காரர் போனில் செயலியைத் திறக்க வேண்டும், நாளைக் குறிக்க வேண்டும், முற்பணம் கட்ட வேண்டும், மெசின் வயலுக்கு வர வேண்டும். கொழும்பில் போனைத் தட்டி ஓட்டோ பிடிக்கிறார்களே, அந்த மாதிரி என்றார். நாங்கள் கிளிநொச்சியில் இருந்து மென்பொருள் செய்யும் சின்னக் குழு. கோட் எழுதத் தொடங்குமுன், செயலியைப் பாவிக்கப்போகிறவர் தன் வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எப்படிச் செய்கிறார் என்று காட்டுகிற பயனர் பயண வரைபடம் ஒன்று போடுவோம், அதற்குத் தனியாக ஒரு தொகை தாருங்கள் என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். இந்த வேலையை விலைப்பட்டியலில் தனி வரியாகப் போடுவது நல்லது. சும்மா செய்து கொடுத்தால் அதில் வருகிற முடிவுகளையும் சும்மா என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

முறை பெரிய விசயமில்லை. ஒரு ஆள், அவருக்கு ஒரு தேவை, அது தொடங்குகிற இடம், முடிகிற இடம். இடமிருந்து வலமாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே அவர் என்ன செய்கிறார், யாரோடு கதைக்கிறார், எது கையில் இருக்கிறது, எங்கே இழுபடுகிறது என்று வரிகள். அதற்கும் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே பயனர் கண்ணுக்குத் தெரிவது, கீழே தெரியாமல் நடப்பது. இந்தக் கோடு லின் ஷோஸ்டாக் என்பவரிடமிருந்து வந்தது. வங்கித் துறையில் இருந்தவர். 1984இல் எழுதிய கட்டுரையில், தெருமுனையில் சப்பாத்துத் துடைப்பவரின் வேலையை இப்படி வரைந்து காட்டினார். அந்தச் சிறு தொழிலுக்கே கோட்டுக்குக் கீழே வேலை இருக்கிறதென்றால் வயல் வெட்டுக்கு எவ்வளவு இருக்கும்?

காலபோகம், அதாவது மாரி மழையை நம்பிச் செய்கிற பெரிய போகம், அறுவடையாகும் நேரம் பார்த்துக் கிளிநொச்சி முரசுமோட்டைப் பக்கம் போனோம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்கள். “வழமையா என்ன செய்வீங்கள்?” என்று கேட்டால் எல்லாரும் ஒழுங்கான பதில் சொல்வார்கள், அது ஒன்றுக்கும் உதவாது. அதனால் கடைசியாக நடந்த அறுவடையை மட்டும் கேட்டோம். இந்த முறை மெசின் பிடித்து முடித்தவர்களிடம் போனைத் திறந்து அழைப்புப் பட்டியலைக் காட்டச் சொன்னோம். ஒரு ஐயாவின் போனில் ‘மெசின்’ என்ற பெயர் ஒரே நாளில் வரிசையாக நின்றது. காலை, பத்து மணி, மத்தியானம், பின்னேரம், இரவு. ஒவ்வொன்றுக்கும் என்ன கதைத்தீர்கள் என்று கேட்டோம்.

“எப்ப வரும் எண்டுதான். வேறென்னத்தக் கேக்கிறது தம்பி?”

மெசின் பிடிக்க அவருக்கு ஒரே ஒரு அழைப்புத்தான் தேவைப்பட்டிருக்கிறது, அதுவும் கிழமைக்கு முன்னம். மற்றதெல்லாம் காத்திருப்பு. உரப்பை அடுக்கி வைத்திருக்கிறார், உழவு மெசினும் பெட்டியும் சொல்லி வைத்திருக்கிறார், மூட்டை ஏற்ற வந்த ஆட்கள் வரம்பில் குந்தியிருக்கிறார்கள். வெட்டாவிட்டாலும் அவர்களுக்கு அன்றைய கூலி கொடுக்க வேண்டும். எங்களிடம் கேட்கப்பட்ட செயலி முழுக்க அந்த முதல் அழைப்புக்கானது.

அதைவிடப் பெரிய விசயம் பிறகு வந்தது. ஒரு அக்கா வயல் குத்தகைக்குச் செய்கிறா. உங்களுக்கு எந்த நாள் வசதி என்று கேட்டோம். சிரித்தா. “என்ர வசதியப் பாத்து என்ன செய்யிறது? முன்னுக்கு இருக்கிறவையின்ர வெட்டினாத்தான் மெசின் என்ர வயலுக்குள்ள இறங்கும். அவையின்ர நெல்லுக்கு மேலால ஏத்திக்கொண்டு வரச் சொல்லுறீங்களோ?”

வயல் வீதியோரத்தில் இருந்தால் ஒருவேளை நாள் குறிக்கலாம். உள்ளுக்குள் இருந்தால், வாய்க்கால் வழியே வெட்டிக்கொண்டு வருகிற வரிசைதான் நாளைத் தீர்மானிக்கிறது. ஒருவர் தண்ணீரை நேரத்துக்கு வடிய விடாமல் வைத்திருந்தால் மெசின் அங்கே தாழும், பின்னால் உள்ள எல்லாரும் நிற்க வேண்டும். மழை ஒன்று வந்தால் முழு வரிசையும் கலையும். நாட்காட்டியில் கமக்காரர் ஒரு திகதியைத் தட்டுகிற திரையை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அந்தத் திகதிக்கு அர்த்தம் கிடையாது. இந்தத் தொழிலில் பதிவின் அலகு கமக்காரர் இல்லை, வாய்க்கால்.

சுவரில் ஒட்டியிருந்த பிரிஸ்டல் அட்டையில் ‘கமக்காரர்’ என்று எழுதியிருந்த தலைப்புக்குக் கீழே இன்னொரு பயணத்தை வரையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அது புரோக்கருடையது. மெசின்காரருக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பவர். அவரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி, இருக்கிறது. ஒரு பக்கம் ஒரு வாய்க்கால். பெயர், ஏக்கர், பக்கத்தில் ‘ஈரம்’, ‘காசு தரேல்ல’, ‘மகன் வந்தபிறகு’ என்று குறிப்புகள். வெளி மாவட்டத்திலிருந்து வருகிற மெசினோடு சிங்களம் மட்டும் தெரிந்த ஓட்டுநர் வந்தால், வயல் எல்லையைக் காட்டுவதும் இவர்தான். ஷோஸ்டாக்கின் கோட்டுக்குக் கீழே நடக்கிற எல்லாம் அந்தக் கொப்பிக்குள் இருந்தன. முதலில் எங்களோடு கதைக்க மறுத்தார். செயலி வந்தால் தன் கொமிசன் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொய்யென்றும் சொல்ல முடியாது, கேட்கப்பட்ட செயலி அப்படித்தான் இருந்தது.

உணர்வு வரி என்று ஒன்று இந்த வரைபடங்களில் போடுவார்கள், சிரிக்கிற முகம், அழுகிற முகம் ஒட்டி. நாங்கள் முகங்களை விட்டுவிட்டு அவர்கள் சொன்ன வசனங்களையே எழுதினோம். மெசின் உரிமையாளர் வந்து பார்த்தபோது கட்டங்களைப் பார்க்கவில்லை, அந்த வசனங்களைத்தான் வாசித்தார். “இது என்ர புரோக்கரச் சொல்லுறாங்கள் போல” என்று ஓரிடத்தில் நின்றார்.

எதிர்காலப் பயணத்தை வரைந்தபோது கமக்காரர் பக்கத்தில் செயலியே இல்லாமல் போனது. புரோக்கருக்கும் ஓட்டுநருக்கும் மட்டும் திரை; வாய்க்கால் வாரியாக வயல்கள், இழுத்து மேலே கீழே மாற்றலாம், திரை தமிழிலும் சிங்களத்திலும். ஒரு வயல் முடிந்ததென்று ஓட்டுநர் தட்டினால் பின்னால் உள்ளவர்களுக்குக் குறுஞ்செய்தி போகும்.

அந்தக் குறுஞ்செய்தியில் கொஞ்சம் மினக்கெட்டோம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் இருக்கும், தமிழென்றால் 70. அதிலும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். முரசுமோட்டை நமக்கு 6 எழுத்து, அங்கே 11. எல்லை தாண்டினால் இரண்டு செய்தியாகி, செலவும் இரட்டிக்கும். ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ முதலில் போனது. பிறகு நேரமும் போனது, ஏனென்றால் நேரம் சொன்னால் பொய்யாகும். கடைசியில் நின்றது இது: ‘மெசின் உங்கள் வாய்க்காலில். உங்களுக்கு முன் 3 வயல்.’ 51 இடம். பொத்தான் போனிலும் வரும். மூன்று வயலென்றால் ஆட்களை எப்போது கூப்பிடுவது என்று கமக்காரருக்கே தெரியும்.

பெயர்ப் பட்டியலில் நிலத்தின் உரிமையாளரைக் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவருக்கு மெசின் வரும் செய்தி எதற்கு? யார் விதைத்தாரோ அவருடைய எண் போதும். அதுவும் போகத்துக்குப் போகம் புதிதாக. வெயில் காலத்துச் சிறுபோகத்தில் குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துக் கமக்காரர் கூட்டத்தில்தான் எவ்வளவு ஏக்கர் என்று முடிவாகும். காலபோகத்து வரிசையை அப்படியே தூக்கிப் போட முடியாது.

முற்பணத்தை இணையத்தில் கட்டுவது இன்னும் உரிமையாளரின் ஆசைப் பட்டியலில் இருக்கிறது. வரைபடத்தில் காசு கைமாறுகிற கட்டம் வெட்டி முடிந்ததற்கும் பிறகு, சிலருக்கு நெல் விற்ற பிறகுதான் வருகிறது. நெல் வாங்குகிற அரச நிறுவனமான நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருக்கக்கூடாது என்று கேட்கும். மெசின் கொட்டுகிற நெல் அதைவிட ஈரம். வீதியில் பரப்பிக் காயவிட வேண்டும், முடியாதவர் ஈரநெல்லாகவே வியாபாரிக்குக் குறைந்த விலையில் கொடுப்பார். கையில் காசு வருவது அதற்குப் பிறகு. இதை உரிமையாளருக்குக் காட்டினோம். முற்பணத் திரையை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளச் சம்மதித்தார், விலைப்பட்டியலிலிருந்து எடுக்கச் சம்மதிக்கவில்லை. புரோக்கர் கொப்பியைக் கைவிடவில்லை. திரையில் மாற்றுவதைக் கொப்பியிலும் எழுதிக்கொள்கிறார், இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்களுக்கு அழைக்கிறார்.