பி.எஸ்-எம்.டி அப்ளை பண்ணப் போற பசங்களுக்கும் அவங்க அப்பா அம்மாவுக்கும்

எங்க பொண்ணு இப்ப அமெரிக்கால பி.எஸ்-எம்.டி, அதாவது டிகிரியும் டாக்டர் படிப்பும் சேந்த ப்ரோக்ராம்ல படிச்சிட்டு இருக்கா. எந்த காலேஜ்னு எழுத வேணாம்னு சொல்லிட்டா, அதனால அதை விட்டுடறேன். நியூ ஜெர்ஸியில தெரிஞ்ச தமிழ் குடும்பங்கள்ல பத்தாவது பதினொண்ணாவது படிக்கற பசங்க இருக்கற வீட்ல இருந்தெல்லாம் எனக்கு போன் வருது, எல்லாரும் முதல்ல கேக்கறது எஸ்.ஏ.டி பரீட்சை ஸ்கோர் எவ்ளோ, ஜி.பி.ஏ (ஸ்கூல் மார்க் சராசரி) எவ்ளோ, காலேஜ் லெவல் பாடமான ஏ.பி எத்தனை எடுத்தான்னு தான். அது வேணும், இல்லன்னு சொல்லல, ஆனா அப்ளை பண்ற பசங்கள்ல பெரும்பாலானவங்ககிட்ட அந்த மார்க் இருக்கு. 17 வயசு பிள்ளை டாக்டர் ஆகணும்னு சொல்றப்ப அது அந்தப் பிள்ளையோட சொந்த முடிவா, டாக்டர் வேலைன்னா என்னன்னு கிட்ட நின்னு பாத்துட்டு சொல்லுதா, இதைத் தான் அட்மிஷன் குடுக்கறவங்க தோண்டித் தோண்டிப் பாக்கறாங்க.

புதுசா வந்தவங்களுக்காக கொஞ்சம் அடிப்படை சொல்லிடறேன். ஊர்ல ப்ளஸ் டூ முடிச்சு நீட் எழுதி நேரா எம்.பி.பி.எஸ் போற மாதிரி அமெரிக்கால கிடையாது, 4 வருஷம் டிகிரி, நடுவுல மெடிக்கல் ஸ்கூல் சேர்றதுக்கான எம்கேட் பரீட்சை, அப்புறம் தான் 4 வருஷம் மெடிக்கல் ஸ்கூல். ஒரு வருஷத்துல மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றவங்கள்ல சுமாரா பத்துக்கு நாலு பேர் தான் உள்ள போறாங்க. பி.எஸ்-எம்.டின்னா ஹை ஸ்கூல் முடிக்கறப்பவே டிகிரிக்கும் மெடிக்கல் ஸ்கூலுக்கும் சேத்து இடம் குடுத்துடுவாங்க, ஆனா நிபந்தனையோட. இந்த நிபந்தனை தான் காலேஜுக்கு காலேஜ் மாறும், அதை படிக்காம "கம்பைண்ட் ப்ரோக்ராம்" எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சு இருபது இடத்துக்கு அப்ளை பண்றது வீண் வேலை.

உதாரணத்துக்கு பிரவுன் யுனிவர்சிட்டியோட பி.எல்.எம்.இ-ங்கற ப்ரோக்ராம் 8 வருஷம், எம்கேட் எழுத வேண்டாம், பயாலஜி தான் மேஜர்னு கட்டாயம் இல்ல, ஹிஸ்டரி கூட படிக்கலாம். அதுக்கு நேர் எதிர் மிஸ்ஸூரி யுனிவர்சிட்டியோட கான்சஸ் சிட்டி கேம்பஸ், 1971-ல ஆரம்பிச்ச 6 வருஷ ப்ரோக்ராம், சம்மர் லீவ்னு பெருசா எதுவும் கிடையாது, மூணாவது வருஷத்துல இருந்து ஒரு சீனியர் டாக்டரோட டீம்ல சேந்து வாராவாரம் க்ளினிக் போவாங்க. நியூயார்க் சிட்டி காலேஜ் கேம்பஸ்ல இருக்கற சோஃபி டேவிஸ் ப்ரோக்ராம் 7 வருஷம், 1973-ல இருந்து நடக்குது, டாக்டர் கம்மியா இருக்கற ஏரியாவுக்கு போய் வேலை செய்யற ஆட்களை உருவாக்கணும்ங்கறது அதோட நோக்கம். நியூ மெக்சிகோ யுனிவர்சிட்டியில வருஷத்துக்கு 28 பேர் எடுக்கறாங்க, முக்கியமா அந்த மாநிலத்து பசங்களுக்காக. சியனா - ஆல்பனி மெடிக்கல் காலேஜ் ஜோடி 8 வருஷம், அங்க ஹ்யூமானிட்டீஸும் சேவையும் ரொம்ப முக்கியம், ஒரு சம்மர் முழுக்க சேவைக்குன்னே போகணும். எங்க நியூ ஜெர்ஸியில டி.சி.என்.ஜே, என்.ஜே.ஐ.டி ரெண்டு காலேஜ்லயும் 3 வருஷம் படிச்சிட்டு நெவார்க்ல இருக்கற நியூ ஜெர்ஸி மெடிக்கல் ஸ்கூலுக்கு போற 7 வருஷ வழி இருக்கு. இப்படி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி பிள்ளையை தேடுது. ரிசர்ச் லேப்லயே சந்தோஷமா இருக்கற பையனை சேவைக்கு போற ப்ரோக்ராமுக்கு அனுப்பி "ஏன் இங்க வரணும்னு நெனக்கற"ன்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்?

பழைய லிஸ்ட்டை நம்பாதீங்க. நார்த்வெஸ்டர்ன்ல 1961-ல இருந்து நடந்த ஹெச்.பி.எம்.இ-ங்கற ப்ரோக்ராம் இப்ப புதுசா ஆள் எடுக்கறதில்ல, இன்னும் வாட்ஸ்அப்ல சுத்தற லிஸ்ட்ல அது முதல் பேரா இருக்கு. ஒவ்வொரு ப்ரோக்ராமோட சொந்தப் பக்கத்தை அந்த வருஷம் போய் படிங்க.

அடுத்தது விசா, நம்ம வீடுகள்ல இதை யாரும் முதல்லயே பேசறதில்ல. எச்-4-ல, அதாவது அப்பா அம்மாவோட எச்-1பி வேலை விசாவை சார்ந்து இருக்கற பசங்க இங்கயே எலிமென்டரியில இருந்து படிச்சிருந்தாலும் நெறைய ப்ரோக்ராம்கள் சிட்டிசன் இல்லன்னா க்ரீன் கார்டு இருந்தா தான் அப்ளிகேஷனையே எடுத்துக்கும். க்ரீன் கார்டு க்யூ நமக்கு எவ்ளோ நீளம்னு தெரியும், 21 வயசு ஆச்சுன்னா எச்-4 போயிடும், 7 வருஷ 8 வருஷ படிப்புல அந்த 21 நடுவுல வந்து நிக்கும். அதனால லிஸ்ட் போடறப்ப முதல் கட்டத்துலயே "விசா ஸ்டேட்டஸ் என்ன கேக்கறாங்க"ன்னு இருக்கட்டும், சந்தேகமா இருந்தா அட்மிஷன் ஆபீஸுக்கு ஈமெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கி வெச்சுக்கோங்க. டிசம்பர்ல தெரிஞ்சு பிள்ளை அழறதை விட பத்தாவதுலயே தெரிஞ்சா வேற வழி யோசிக்கலாம்.

இப்ப நான் ரொம்ப சொல்லணும்னு நெனக்கற விஷயம், அனுபவம். ஷேடோயிங்க்கு, அதாவது டாக்டர் கூடவே நின்னு வேலையை பாக்கறதுக்கு, டாக்டர் சொந்தக்காரங்க வேணும்னு எல்லாரும் தேடறாங்க, அவங்க பின்னாடி நாலு நாள் நின்னா டாக்டர் வேலை வெளிய எப்படி இருக்கும்னு தெரியும், அவ்ளோ தான். எங்க பொண்ணுக்கு உண்மையிலேயே உதவினது பக்கத்துல இருந்த நர்சிங் ஹோம், இங்க அது வயசானவங்க தங்கற பராமரிப்பு இல்லம். சனிக்கிழமை ஆனா போவா, முதல்ல தண்ணி குடுக்கறது, பிங்கோ கார்டு அடுக்கறது, வீல் சேர் தள்றது தான் வேலை. அங்க ஒரு பாட்டிக்கு வலது காதுல மட்டும் தான் கேக்கும், புதுசா வர்றவங்க இடது பக்கம் நின்னு சத்தமா பேசுவாங்க, அவங்க பதில் சொல்லாம இருப்பாங்க, உடனே குழம்பிட்டாங்க போலன்னு முடிவு பண்ணிடுவாங்க. இவ வலது பக்கம் போய் குனிஞ்சு மெதுவா பேசினா முழு வாக்கியமா பதில் வரும், மருந்து சாப்ட்டாங்களா, ராத்திரி எங்க வலிச்சுது, எல்லாம் சொல்வாங்க. இவ அதை நர்ஸ்கிட்ட சொல்ல, அவங்க பாட்டியோட குறிப்புல எழுதி வெச்சாங்க. ரிசர்ச் பேப்பர்ல பேர் வரல, அவார்ட் இல்ல, ஆனா கட்டுரையில இந்த ஒரு விஷயத்தை தான் எழுதினா, அவ போன ரெண்டு இன்டர்வியூலயும் இதைப் பத்தி தான் கேட்டாங்க.

ஒரே இடத்துக்கு ரெண்டு மூணு வருஷம் விடாம போறது பத்து இடத்துக்கு ஒவ்வொரு மாசம் போறதை விட எவ்வளவோ மேல். ஆஸ்பத்திரிகள்ல வயசு வரம்பு வெச்சிருப்பாங்க, 16 ஆகாம சேக்க மாட்டேன்னு சொல்ற இடம் நெறைய, அதனால ஒன்பதாவதுல நர்சிங் ஹோம், லைப்ரரி, டியூட்டரிங்னு ஆரம்பிக்கலாம், அப்புறம் ஈ.எம்.டி (அவசர முதலுதவி) ட்ரெய்னிங் எடுத்து ஆம்புலன்ஸ் ஸ்குவாட்ல சேர்ற பசங்களும் இருக்காங்க. ஆயிரக்கணக்குல டாலர் கேக்கற சம்மர் ப்ரோக்ராம் போகலன்னா பிள்ளைக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது, இதை அழுத்தி சொல்றேன்.

எழுத்து வேலை எவ்ளோ இருக்கும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. நெறைய காலேஜுக்கு பொதுவான ஆன்லைன் அப்ளிகேஷனான காமன் ஆப் ஆகஸ்ட் 1 திறக்கும், அதுல முக்கிய கட்டுரை 650 வார்த்தை, ஆக்டிவிட்டி 10, ஒவ்வொண்ணுக்கும் விவரம் எழுத 150 எழுத்து தான் இடம், வார்த்தை இல்ல, எழுத்து. இதுக்கு மேல ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் ஏன் மருத்துவம், ஏன் இப்பவே, ஏன் எங்க ப்ரோக்ராம்னு தனித்தனியா கட்டுரை. நெறைய இடத்துல கடைசி தேதி நவம்பர் தொடக்கத்துலயே வந்துடும், அப்ப சீனியர் இயர் (பன்னெண்டாவது) முதல் செமஸ்டர் பாடமும் ஓடிட்டு இருக்கும். ரெக்கமெண்டேஷன் லெட்டருக்கு டீச்சர்கிட்ட ஜூனியர் இயர் (பதினொண்ணாவது) முடியறதுக்குள்ள கேட்டுடணும். ஜூலையிலேயே "ஏன் மருத்துவம்" கட்டுரையை எழுத ஆரம்பிக்கலாம், அது எல்லா இடத்துக்கும் வேணும். "சின்ன வயசுல இருந்தே மக்களுக்கு உதவணும்னு ஆசை"ன்னு ஆரம்பிச்சா நிறுத்தி கேளுங்க, நர்ஸும் உதவறாங்க, சோஷியல் வொர்க்கரும் உதவறாங்க, நீ ஏன் டாக்டர்? இதுக்கு பிள்ளை அதோட வார்த்தையில பதில் சொல்ற வரைக்கும் விடாதீங்க. ஆனா நீங்க எழுதிக் குடுக்காதீங்க, காசு குடுத்து ஆள் வெச்சும் எழுதாதீங்க, இன்டர்வியூல எதிர்ல உக்காரப் போறது அந்தப் பிள்ளை தான்.

இன்டர்வியூ எல்லா இடத்துலயும் இல்ல, பிரவுன்ல கிடையாது. மத்த இடங்கள்ல குளிர் காலத்துல கூப்பிடுவாங்க, சில இடத்துல சாதாரணமா உக்காந்து பேசறது, சில இடத்துல எம்.எம்.ஐ, அதாவது வரிசையா பல குட்டி இன்டர்வியூ. இது கனடால மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டியில ஆரம்பிச்ச முறை, கதவுல ஒரு சூழ்நிலை எழுதி ஒட்டியிருக்கும், அதை படிக்க ரெண்டு நிமிஷம் மாதிரி டைம், அப்புறம் உள்ள போய் சில நிமிஷம் பேசணும், மணி அடிச்சா அடுத்த ரூம். நோயாளி ரத்தம் ஏத்திக்க மாட்டேன்னு சொன்னா என்ன செய்வ, கூட படிக்கறவன் காப்பி அடிக்கறதை பாத்தா என்ன செய்வ, இப்படி இருக்கும். சரியான விடைன்னு ஒண்ணு இல்ல, ரெண்டு பக்கமும் நியாயம் பாத்து பேசற பிள்ளையான்னு பாக்கறாங்க. எங்க வீட்ல ராத்திரி சாப்பிடறப்ப ஏதாவது ஒண்ணை எடுத்து பேசுவோம், அவ அப்பா வேணும்னே எதிர்ப்பக்கம் பேசுவார், அவ கோவப்படாம பதில் சொல்லப் பழகினா. நம்ம பசங்க பெரியவங்க முன்னாடி எதிர்த்துப் பேசக்கூடாதுன்னு வளந்தவங்க, மரியாதையோட மறுத்துப் பேசற பழக்கம் வீட்ல தான் வரணும்.

பணத்தைப் பத்தியும் சீக்கிரமே பேசிடுங்க. 2025-ல வந்த சட்டப்படி 2026 ஜூலை 1-ல இருந்து புதுசா கடன் வாங்கறவங்களுக்கு க்ராட் ப்ளஸ்ங்கற ஃபெடரல் கடன் கிடையாது, மெடிக்கல் மாதிரி படிப்புக்கு ஃபெடரல் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர் தான் உச்ச வரம்பு. நெறைய மெடிக்கல் ஸ்கூல்ல ஃபீஸும் இருக்கற செலவும் சேந்தா இதைத் தாண்டிடும், மிச்சம் பிரைவேட் லோன் தான். அதனால முதல் 3-4 வருஷத்துக்கு ஸ்காலர்ஷிப் குடுக்கற சின்ன காலேஜ், பேர் பெருசா இல்லன்னாலும், பல குடும்பங்களுக்கு நல்ல முடிவா இருக்கும்.

அட்மிஷன் வந்துட்டா மே 1-க்குள்ள முடிவு சொல்லணும், அதுக்குள்ள நிபந்தனை லெட்டரை வரி வரியா படிங்க. ஜி.பி.ஏ எவ்ளோவுக்கு கீழ போனா இடம் போகும், எம்கேட் எழுதணுமா, எழுதினா குறைஞ்ச ஸ்கோர் எவ்ளோ, வேற மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணினா கையில இருக்கற இடம் போயிடுமா, மேஜர் மாத்தலாமா. காலேஜ் பாக்கப் போறப்ப பிள்ளையை ரெண்டாவது மூணாவது வருஷ பசங்களோட தனியா பேச விடுங்க, அவங்க பேட்ச்ல சேந்தவங்கள்ல எத்தனை பேர் இன்னும் ப்ரோக்ராம்ல இருக்காங்கன்னு கேக்க சொல்லுங்க. இதுக்கு நேரா பதில் கிடைக்கற இடத்துக்கும் சுத்தி வளைச்சு பேசற இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைக்கே புரிஞ்சுடும்.

எதுவுமே கிடைக்கலன்னா சாதாரண ப்ரீ-மெட் வழி, அதாவது டிகிரி முடிச்சு எம்கேட் எழுதிப் போறது, அப்படியே திறந்து தான் இருக்கு, இங்க இருக்கற டாக்டர்கள்ல பெரும்பாலானவங்க அந்த வழியில வந்தவங்க தான். அதை அப்ளை பண்றதுக்கு முன்னாடியே, ரிசல்ட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, பிள்ளைகிட்ட சொல்லி வெச்சிடுங்க.