பீட்டில் என்ஜினை விமானத்தில் ஏற்றுபவர்களுக்கு: சிசியை விட்டு ஹெட்டைப் பாருங்கள்

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் நாலு சிலிண்டர் என்ஜின் சின்ன விமானங்களில் ஏறுவது 1950-களிலேயே தொடங்கியது. பிரான்ஸின் ட்ரூயின் டர்புலெண்ட் அதில்தான் பறந்தது. காற்றிலேயே குளிரும் என்ஜின் என்பதால் ரேடியேட்டர் இல்லை, கியர்பாக்ஸும் தேவையில்லை. புரொப்பெல்லரை நேராக கிராங்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டில்) மாட்டிவிடலாம்.

பெங்களூரில் இந்த ஆசை உள்ளவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சிசி வரை ஏற்றலாம்?" என்றுதான். 1600 மாடலின் கம்பெனி அளவு 85.5 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 69 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), அதாவது 1584 சிசி. 92 மி.மீ. பேரல் (சிலிண்டர்) போட்டால் 1835. கூடவே 82 மி.மீ. ஸ்ட்ரோக் கிராங்கும் போட்டால் 2180. ஆனால் சிலிண்டரை மூடி மேலே உட்காரும் ஹெட் அதே ஹெட்தான், சூட்டைக் காற்றில் விடும் இதழ்களான ஃபின்னும் அதே ஃபின்தான். கார் ஓடும்போது முழு சக்தி சில நொடிகளுக்குத்தான் தேவைப்படும். விமானத்தில் ஏறும்போது நிமிடக்கணக்கில் முழு த்ராட்டில், அதன் பிறகும் முக்கால் சக்தி தொடர்ந்து வேண்டும். அந்தச் சூட்டை வெளியேற்ற முடியாத ஹெட்டுக்கு சிசி கூட்டிப் பயனில்லை.

நம் ஊரின் உயரமும் இதில் சேரும். ஜக்கூர் ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. 32 டிகிரி வெயிலில் அங்குள்ள காற்று, கணக்குப்படி 5,700 அடி உயரக் காற்றுக்குச் சமம். 60 குதிரைத்திறன் என்ஜின் 50-ஐ ஒட்டித்தான் கொடுக்கும். குளிர்விக்கும் காற்றும் அதே அளவு மெலிந்திருக்கும்.

ஆகவே முதல் வேலை ஹெட்டில். வார்ப்பில் ஃபின்களுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தகடு அடைத்து நிற்கும், குறிப்பாக ஸ்பார்க் பிளக்கையும் எக்ஸாஸ்ட் போர்ட்டையும் (புகை வெளியேறும் வழியையும்) சுற்றி. ஹெட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் வராத சந்தில் காற்றும் வராது. நீளமான மெல்லிய ட்ரில் பிட்டால் ஒவ்வொரு சந்தையும் திறக்க வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் இதைவிடப் பலன் தரும் வேலை இந்த மாற்றத்தில் வேறில்லை.

அடுத்தது பேஃபிள், அதாவது காற்றைத் திருப்பிவிடும் தகடு. சிலிண்டர்களுக்கு அடியில் வரும் கம்பெனி தகட்டை "கார் தகடுதானே" என்று கழற்றி வீசிவிடுகிறார்கள். காற்றை பேரலின் அடிப்பக்கம் வரை சுற்றவைப்பது அதுதான், கண்டிப்பாக வேண்டும். ஆயில் கூலரை சிலிண்டர்களுக்குப் போகும் காற்றுப்பாதையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். காரில் 3-ஆம் சிலிண்டர் வெந்துபோவதற்குக் காரணமே கூலர் அங்கே காற்றை மறிப்பதுதான். நாலு பிளக்கின் அடியிலும் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வளையம் போடுங்கள். தொடர்ந்து பறக்க 200 டிகிரி செல்சியஸ், ஏறும்போது உச்சமாக 230. அதைத் தாண்டினால் மூக்கை இறக்கி வேகம் எடுக்க வேண்டியதுதான்.

கிராங்க். புரொப்பெல்லரை புல்லி முனையில் (காரில் பெல்ட் ஓடும் முனையில்) மாட்டினால் அதன் இழுவையை, மறுமுனையில் ஃப்ளைவீல் பக்கம் உள்ள த்ரஸ்ட் பேரிங் ஏற்கும். காரில் கிளட்ச் மிதிக்கும்போது வரும் தள்ளலும் அதே திசைதான். பலவீனம் புல்லி முனையிலேயே இருக்கிறது: கிராங்க் பேரிங்கில் உட்காரும் மற்ற மெயின் ஜர்னல்கள் 55 மி.மீ. விட்டம், நாலாவது மட்டும் 40. விரிசல் பெரும்பாலும் அங்குள்ள சாவிப்பள்ளத்தில் (புல்லியைப் பூட்டும் சாவி உட்காரும் வெட்டில்) பிறக்கும். ஃபோர்ஜிங் (அடித்து உருவாக்கிய) கிராங்க் மட்டும் வாங்குங்கள், வார்ப்பு வேண்டாம். காந்தத்தூளால் விரிசல் தேடும் மாக்னெட்டிக் பார்ட்டிகிள் சோதனை பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் செய்து வாங்கலாம். அது முடியாமல் அசெம்பிளி தொடங்க வேண்டாம். கார் புல்லி போல் போல்ட்டை மட்டும் நம்பாமல், சூடாக்கி இறுக்கமாக ஏற்றும் புரொப்பெல்லர் ஹப்பே நல்லது. இப்படி மாட்டினால் பைலட் இருக்கையிலிருந்து பார்க்க புரொப்பெல்லர் இடஞ்சுழியாகச் சுற்றும். புரொப்பெல்லர் ஆர்டர் கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். டேக்ஆஃபில் இடது ரடர் (வால் சுக்கான்) வேண்டும்.

கிராங்கை மூடியிருக்கும் கேஸ் மெக்னீசியம், மரை எளிதில் உருவிக்கொண்டு வரும். ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட் துளைகளில் ஸ்டீல் இன்சர்ட் போட்டு 8 மி.மீ. ஸ்டட் மாட்டி, ஹெட் நட்டை 25 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று முறுக்கினால், சூட்டில் ஹெட் விரியும்போது மரை போய்விடும்.

எக்ஸாஸ்ட் வால்வைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். சாதாரண புஷ்ராடுடன் (வால்வை இயக்கும் தண்டு), குளிர்ந்த நிலையில் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடைவெளி 0.15 மி.மீ. ஒவ்வொரு சோதனையிலும் ஒரே வால்வின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், ஒன்று வால்வ் நீள்கிறது, இல்லை அது உட்காரும் சீட் உள்ளே இறங்குகிறது. மறுபடி சரிசெய்து ஓட்டாதீர்கள், ஹெட்டைக் கழற்றுங்கள். தலை துண்டான வால்வ் பிஸ்டனைத் துளைத்துவிடும். சிலிண்டரில் காற்றை ஏற்றிக் கசிவு பார்க்கும் லீக்டவுன் சோதனையில் காற்றுச் சத்தம் சைலன்சர் குழாயில் கேட்டால் கசிவது எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்.

கார்புரேட்டருக்குச் சூடான காற்று தரும் கார்புரேட்டர் ஹீட்டை "இது வெயில் தேசம்" என்று தவிர்க்காதீர்கள். ஜூலைத் தூறலில், 20 டிகிரி ஈரக்காற்றில், த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போதுதான் கார்புரேட்டரில் பனி கட்டும். எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஒரு தகட்டு உறை, அதிலிருந்து ஒரு ஹோஸ், நடுவில் ஒரு மடல், அதைத் திருப்ப காக்பிட்டில் ஒரு கேபிள். அரை நாள் வேலை.