மான் கொம்பில அம்மாட குடை

எங்கட வீட்டு விறாந்தையில இப்ப ஒரு மான் நிக்குது, இரும்பு மான். திருகோணமலைக்காரருக்கு மானைப் பத்திச் சொல்லத் தேவையில்ல, கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்குப் போனா வழி நெடுக நிக்கும், பின்னேரம் கடற்கரைப் பக்கம் வந்து ஆக்கள் எறிஞ்ச சொப்பின் பேக்கையும் சேர்த்துச் சப்பும். அதைப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு இந்த விசர் பிடிச்சது எண்டு நினைக்கிறன்.

சாமான் ஒண்டும் காசு குடுத்து வாங்கினதில்ல. அம்மம்மாட கால் தையல் மெசின்ட இரும்புக் கால் கிணத்தடியில கிடந்தது, அப்பாட லுமாலா சைக்கிள்ட ஹாண்டிலும் சீட்டும் கூரைக்கு மேல, மாமாட போட் எஞ்சின்ல இருந்து கழட்டின ஒரு காத்தாடி, ஒரு இதழ் கல்லில அடிபட்டு நெளிஞ்சது. சீட் முகம், ஹாண்டில் கொம்பு. இதை வச்சுப் பாத்த அண்டைக்கு ராத்திரி நித்திரையே வரல்ல, உலகத்தில ஒருத்தருக்கும் வராத ஐடியா எண்டு. பிறகு போன்ல தேடினா பிக்காசோ எண்ட மனுசன் 1942லயே சைக்கிள் சீட்டையும் ஹாண்டிலையும் வச்சு மாட்டுத்தலை செய்து முடிச்சிட்டார். சரி, அவர்ட மாடு, என்ட மான், போகட்டும்.

வேலை தொடங்கினதும்தான் தெரிஞ்சது, இரும்பு எல்லாம் ஒரே இரும்பில்ல. மெசின் கால் வார்ப்பிரும்பு. நான் ஒருத்தரிட்டயும் கேக்காம சாதாரண வெல்டிங் ராட்டால ரெண்டு பொட்டு வச்சன், சூடு ஆறேக்க 'டிக்' எண்டொரு சத்தம், பாத்தா ஒட்டுக்குப் பக்கத்தில மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. வெல்டிங் அண்ணை வந்து பாத்திட்டு எனக்கு ஏசினார், இதுக்கு நிக்கல் ராட் வேணும், அந்த விலைக்கு நீ புது மெசினே வாங்கலாம், பேசாம துளை போட்டு போல்ட் அடி எண்டார். அப்பிடியே செய்தன். காத்தாடி அலுமினியம், அதை இரும்போட வெல்ட் பண்ணவே ஏலாது, போல்ட் போட்டாலும் எங்கட உப்புக் காத்துக்கு ரெண்டு உலோகமும் தொடுற இடத்தில அலுமினியம் வெள்ளைத் தூளாக் கொட்டத் தொடங்கும், அதால பழைய ரப்பர் டியூப்பை வட்டமா வெட்டி வொஷர் மாதிரி இடையில வச்சன். போல்ட் துளைக்குள்ளயும் டியூப் துண்டு சுத்தினனான், இல்லாட்டி வொஷர் வச்சும் பிரயோசனமில்ல. மானிட முதுகில அது மூண்டு இதழ் விரிச்ச மாதிரிக் கிடக்குது, ஏன் அங்க வச்சனான் எண்டு கேட்டா எனக்கே தெரியா, வடிவா இருந்தது.

அம்மா முதல் நாள் பாத்திட்டு ஒண்டும் சொல்லல்ல. ரெண்டாம் நாள் "இது என்னத்துக்கு?" எண்டு கேட்டா. சிற்பம் எண்டன். "ஓ" எண்டிட்டுப் போயிட்டா. அந்த ஓவுக்குப் பிறகு ஒரு கிழமை மான் கிணத்தடிக்கே திரும்பிப் போற நிலைமை. பிறகு மாரி தொடங்கினது. சந்தைக்குப் போய் நனைஞ்சு வந்த அம்மா குடையைக் கொம்பில கொழுவினா, கையில இருந்த திறப்பையும் சில்லறையையும் காத்தாடி இதழுக்குள்ள போட்டா, உள்ளுக்குப் போயிட்டா. அவ்வளவுதான். இதழ் மூண்டும் குழிஞ்சு இருக்கிறதால சில்லறை உருண்டு விழாது, அதை நான் கவனிக்கவே இல்ல, அவ கவனிச்சிட்டா.

பழைய சாமானை வச்சுச் செய்யிறதைப் பத்தி வாசிக்கேக்க ரெண்டு விதமான ஆக்கள் இருந்திருக்கினம். டுஷாம்ப் எண்ட பிரெஞ்சுக் கலைஞர் 1913ல ஒரு ஸ்டூலுக்கு மேல சைக்கிள் சில்லைப் பூட்டினார், பிறகு அந்த ஸ்டூல்ல ஒருத்தரும் இருக்கேலாது. இத்தாலியில காஸ்டிலியோனி எண்டு அண்ணன் தம்பி, 1957ல டிராக்டர் சீட்டை எடுத்து ஸ்டூல் செய்தினம், சைக்கிள் சீட்டிலயும் ஒண்டு, போன் கதைக்கேக்க இருக்கிறதுக்கு எண்டு, அடி உருண்டையா ஆடிக்கொண்டு நிக்கும். முதலாமவர் வேலை செய்த சாமானை வேலையில இருந்து நிப்பாட்டினார், இவை வேலை போன சாமானுக்குத் திரும்ப வேலை குடுத்தினம். டுஷாம்ப் பெரிய ஆள்தான், நான் இல்லையெண்டேல்ல, ஆனா அவரை எங்கட அம்மாட விறாந்தையில விட்டா அந்தச் சில்லு ஒரு கிழமையும் தாங்காது.

போன மாசம் ஒரு கண்காட்சிக்கு மானைக் கேட்டாங்க. தொடாதீர்கள் எண்டு ஒரு போர்ட் வைப்பாங்களாம். அம்மாட்டச் சொன்னன். "மழை நாள்ல குடையை எங்க கொழுவுறது?" எண்டா. குடுக்கல்ல.

இப்ப பக்கத்து வீட்டு மாமி தனக்கும் ஒண்டு செய்து தரச் சொல்லி நிக்கிறா. "ஆனா தம்பி, தலை வேணாம் மோனே, அந்தக் கொம்பை மட்டும் செவத்தில அடிச்சு விடு, காணும்."