லயத்து வீட்டு டிவி கணினிக்கு வைஃபை: செய்து பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டில் ரவுட்டரை எங்கே வைப்பது என்பது எங்கள் கையில் இல்லை. எதிர் மலை டவர்தான் அதை முடிவு செய்கிறது. இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் பள்ளத்தில் இருக்கும் லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) இது. சிம் போடும் ரவுட்டர் இஸ்தோப்பு (முன் வராந்தா) ஜன்னலில் இருந்தால்தான் நெட் உருப்படியாக வரும், ஓரெட்டு உள்ளே தள்ளி வைத்தால் போச்சு. டிவி இருப்பதோ பின் காம்பராவில் (அறையில்). நடுவில் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர், மேலே தகரம்.

டிவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய அலுவலகக் கணினி. ஹட்டன் டவுனில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. லினக்ஸ் மின்ட் போட்டு, அதற்கு மேல் டிவியில் படம், பாட்டு ஓட்டும் ‘கோடி’ (Kodi) மென்பொருளை ஏற்றியிருக்கிறேன். (எக்ஸ்பிஎம்சி என்று முன்பு இருந்ததுதான், 2014இல் பெயர் மாறியது.) கணினியில் வைஃபை கிடையாது. கேபிள் இழுத்துவிடலாமே என்று கேட்பார்கள். ஏப்ரலிலும், பிறகு ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கினால் இங்கே எல்லாரும் முதலில் பிடுங்குவது பிளக்கைத்தான். அப்படிப்பட்ட ஊரில் கூரையோரமாக நீளத்துக்கு ஒரு செம்பு வயரை ஓட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. அதனால் யூஎஸ்பி டொங்கிள், அதாவது யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன வைஃபை கருவி.

டொங்கிளைச் செருகினேன். வைஃபை வரவில்லை, திரையில் ஒரு சிடி டிரைவ் வந்து நின்றது! இந்த மலிவு டொங்கிள்களில் பல இப்படித்தான். விண்டோஸுக்கான டிரைவரை உள்ளேயே வைத்துக்கொண்டு, முதலில் சிடி மாதிரி வேஷம் போடும். அந்தச் சிடி படத்தில் வலது கிளிக் செய்து ‘வெளியேற்று’ கொடுத்தால், ஒரு விநாடி கழித்து வைஃபை கருவியாக மாறிவிடும். அதோடு முடியவில்லை: பழைய கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இந்த டொங்கிளின் சிப்புக்கு டிரைவர் இல்லை. கர்னல் 6.2இலிருந்து உள்ளேயே வருகிறது. அந்தக் கர்னலை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். போனை யூஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போட்டு, போனின் நெட்டைக் கணினிக்குக் கொடுத்து அந்தச் சிக்கலைக் கடந்தேன்.

அப்புறம்தான் உண்மையான வேலை. வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருந்தன. 5ஐ முதலில் பார்த்தேன், வேகம் கூடவாம். கருங்கல் சுவரைத் தாண்டியதும் பெயர்ப் பட்டியலிலேயே அது காணோம். அலை குறுகக் குறுகச் சுவரில் கூடுதலாக அடிபடும், அதனால் இந்த வீட்டுக்கு 2.4தான். அதிலும் டொங்கிள் கணினியின் முதுகில் இருந்தபோது சிக்னல் மைனஸ் 78 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது). மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரை வீடியோவுக்குப் போதும், 80ஐத் தொட்டால் பேருக்குத்தான் இணைப்பு. ஒன்றரை மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டு டொங்கிளை வாசல் நிலைக்கு மேலே, கதவு திறக்கும் பக்கமாக ஒட்டினேன். மைனஸ் 61. பதினேழு டெசிபெல் என்றால் சுமார் ஐம்பது மடங்கு சக்தி. புது ரவுட்டர் வாங்கச் சொன்னவர்களுக்கு நான் காட்டுவது இந்த வயரைத்தான்.

சேனலையும் மாற்றினேன். லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் எல்லாம் இப்போது ரவுட்டர், பாதிப் பேர் 6இல். 2.4இல் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 மூன்றும்தான். நான் 11க்குப் போனேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அக்கா மகளின் கல்யாண வீடியோவை லேப்டொப்பிலிருந்து டிவி கணினியின் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பினால் வேகம் தடாலென்று விழுந்தது. டிஸ்க் சும்மா இருந்தால் ஒழுங்காக ஓடும், எழுத ஆரம்பித்தால் படுத்துவிடும். காரணம் யூஎஸ்பி 3. அதன் வயரிலிருந்து கசியும் இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து விழுகிறது என்று இன்டெல் 2012இலேயே விளக்கி எழுதியிருக்கிறது. டிஸ்க் வயரும் டொங்கிளின் நீட்டிப்பு வயரும் அடுத்தடுத்த நீல (யூஎஸ்பி 3) துளைகளில் இருந்து ஒன்றாகவே தொங்கிக்கொண்டிருந்தன. டிஸ்க்கை முன்பக்கக் கறுப்புத் துளைக்கு, அதாவது யூஎஸ்பி 2க்கு, மாற்றினேன். அங்கே விநாடிக்கு 480 மெகாபிட் என்பது கணக்கு, நடைமுறையில் அதற்கும் குறைவு. ஆனால் அந்த வீடியோவுக்கு வேண்டியது 25 மெகாபிட்தான்.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, “மாமா, பனி எறங்கிருச்சு, இனி நெட்டு அவ்வளவுதான்” என்றான். இது ஊர் நம்பிக்கை. டிஷ் டிவி மழைக்கு நிற்பதைப் பார்த்து வந்தது என்று நினைக்கிறேன். டிஷ்ஷுக்கு வருவது 12 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலை, கனமழைத் துளி அதைத் தின்னும். வைஃபையின் அலைநீளம் பன்னிரண்டரை சென்றிமீற்றர். கண்ணுக்குத் தனியாகத் தெரியாத பனித்துளி அதை என்ன செய்துவிடும்? பனி இறங்கினால் எல்லாரும் வீட்டுக்குள் வந்து போனைக் கையில் எடுக்கிறார்கள், டவர் திணறுகிறது. என் கணிப்பு அதுதான். “இப்ப பாருடா” என்று மைனஸ் 61ஐக் காட்டினேன். வெளியே எதிர் லயம்கூடத் தெரியவில்லை, எண் அசையவில்லை. அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

கடைசியாக ஒன்று. போனை ரிமோட்டாக வைத்துப் பட்டனை அழுத்தினால் டிவியில் ஒரு நொடி கழித்துத்தான் நகரும். நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை மின்சேமிப்பு 3 என்று இருந்தது, அதை 2 ஆக்கினால் சேமிப்பு நின்றுவிடும். மாற்றி, கணினியை ஒரு தடவை நிறுத்திப் போட்டதும் ரிமோட் கைக்கு வந்தது.

கணினி தூங்கி எழும்பினால் மட்டும் டொங்கிள் மறுபடி சிடி வேஷத்துக்குப் போய்விடுகிறது. அதற்குத் தானாக மாற்றிவிடும் ஒரு விதி எழுத வேண்டும். அதுவரைக்கும் தூங்கும் வசதியை நிறுத்தி வைத்திருக்கிறேன், இரவில் அம்மா சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கிறார்.